கணவனும் மனைவியும் ஒரு மணி நேரம் காதல் பாட்டுப் பாடலாமா?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு மூன்று தடவை வாசித்தேன். வெளிநாட்டில் இருக்கிற அண்ணன் ஒரு காணொளி அனுப்பியிருக்கிறார். அதில் ஒரு தம்பதி, ஒரு பியானோ, ஐம்பது அறுபது பேர் இருக்கிற சின்ன அறை, ஒரு மணி நேரம் முழுக்கக் காதல் டூயட். அதைக் 'கேபரே' என்கிறார்கள். கல்யாணமாகி எட்டு வருடமான நீங்களும் மனைவியும் கிளிநொச்சியில் அப்படி ஒன்றைச் செய்யலாமா, எந்தக் கட்டையில் (எந்தச் சுருதி உயரத்தில்) பாடுவது, எத்தனை பாட்டு வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், ஒரு பாட்டுப் பாடும்போது மனைவிக்கு அழுகை வந்துவிடுகிறது, அதைச் சேர்ப்பதா விடுவதா என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் இவ்வளவுக்கும் அடியில் நீங்கள் எழுதாமல் விட்ட ஒரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. எங்கள் சனத்துக்கு முன்னால் புருசனும் பெண்சாதியும் ஒருவரை ஒருவர் பார்த்துக் காதல் பாட்டுப் பாடினால் என்ன கதைப்பார்கள் என்பதுதான் அது. அதற்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைகள் எழுதி, வன்னியில் பிள்ளைகளுக்கு வாய்ப்பாட்டுப் படிப்பிக்கிறவள். கணவர் முதலில் ஆர்மோனியம், இப்போது கீபோர்ட். திருவிழாக் கோஷ்டி, பாடசாலை மண்டபம், கலியாண வீடு என்று இருபது வருடத்துக்கு மேலாக இரண்டு பேரும் ஒரே மேடையில் நிற்கிறோம். குரல், சுருதி, மேடை பற்றி நான் சொல்வதை நம்பிச் செய்து பார்க்கலாம். ஊரார் பற்றிச் சொல்வது நான் கண்டது மட்டும்தான். மல்லாவியில் நடந்தது புதுக்குடியிருப்பில் அப்படியே நடக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது.

முதலில் அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள். 'கேபரே' என்றால் எங்கள் ஆட்களுக்கு நினைவு வருவது பழைய படங்களில் ஹோட்டல் மேடையில் வருகிற அரைகுறை உடை ஆட்டம்தான். நோட்டீசில் அந்தச் சொல் இருந்தால் மண்டபம் தரமாட்டார்கள். தந்தாலும் குடும்பமாக யாரும் வரமாட்டார்கள். ஆனால் அந்தக் கலையின் பிறப்பு வேறு. 1881இல் பாரிஸின் மொன்மார்த்தர் பகுதியில் 'கறுப்புப் பூனை' என்று பொருள்படும் பெயரில் ஒரு விடுதி திறந்தார்கள். கவிஞர்களும் பாடகர்களும் மேசைகளுக்கு நடுவே நின்று பாடினார்கள், கதைத்தார்கள். பாடுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் இடையே நான்கைந்து முழத் தூரம், பாட்டுக்குப் பாட்டு நேரே முகம் பார்த்து ஒரு பேச்சு. அவ்வளவுதான் அதன் உயிர். அமெரிக்காவில் ஸ்டீவ் லாரன்ஸ், ஈடி கோர்மே என்ற தம்பதி 1957இல் கல்யாணம் செய்து, பல பத்தாண்டுகள் இப்படிச் சோடியாகப் பாடினார்கள். நீங்கள் 'இணைப்பாடல் மாலை' என்று போடுங்கள், 'சோடிப் பாட்டு' என்று போடுங்கள். உள்ளே நடக்கிறது அதேதான்.

எங்களுக்கும் இது புதிதல்ல. வன்னியில் காத்தவராயன் கூத்து விடிய விடிய ஆடுகிறார்கள். காத்தவராயனும் அவன் காதலி ஆரியமாலையும் பாடுகிறதைக் கிழவிகள் பேரப்பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்கிறார்கள். கோவலன் கூத்தும் அப்படித்தான். முன்பு பெண் வேடத்தையும் ஆண்களே கட்டினார்கள், அதனால் மேடையில் காதல் யாருக்கும் உறுத்தவில்லை. உண்மையான கணவன் மனைவி என்றால் எஸ். ஜி. கிட்டப்பாவையும் கே. பி. சுந்தராம்பாளையும் நினையுங்கள். 1920களில் கொழும்பு மேடையில் சேர்ந்து நடித்துப் பாடிய சோடி அது. 1927இல் கல்யாணம், 1933இல் கிட்டப்பா இறந்துவிட்டார். அதன்பிறகு அந்த அம்மா வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு, இன்னோர் ஆணோடு சோடியாக நடிப்பதில்லை என்று இருந்தார். அவர்களின் குடும்ப வாழ்க்கையில் பிணக்கும் பிரிவும் நிறைய. ஆனாலும் மேடையில் அந்த இரண்டு குரலையும் கேட்கச் சனம் காத்துக் கிடந்தது. பிறகு சினிமாப் பாடகர்கள் ஏ. எம். ராஜாவும் ஜிக்கியும் வந்தார்கள். அவர்கள் கணவன் மனைவி என்று தெரிந்தே எங்கள் பெற்றோர் இலங்கை வானொலியில் அவர்களை ரசித்துக் கேட்டார்கள்.

சரி, கட்டைக்கு வருவோம். இதில் சந்தேகமில்லாமல் சொல்லக்கூடியது நிறைய இருக்கிறது. கட்டை எண் கூடக் கூட ஸட்ஜம், அதாவது 'ச', உயரத்தில் நிற்கும். ஆண் குரலுக்கு வழக்கமாக 1 முதல் 2 கட்டை வரை சுகம். பெண் குரலுக்கு 5, 5½, சிலருக்கு 6. உங்கள் இரண்டு பேருக்கும் எது என்று காலையில் தேநீர் குடித்துக் கொஞ்ச நேரம் கழித்துப் பாருங்கள். கீழே மந்தர பஞ்சமம் (கீழ் ஸ்தாயியின் 'ப') காற்றாய்ப் போகாமல் நிற்க வேண்டும், மேலே தார பஞ்சமம் (மேல் ஸ்தாயியின் 'ப') கழுத்து நரம்பு புடைக்காமல் வர வேண்டும். இரண்டும் கிடைக்கிற கட்டைதான் உங்கள் கட்டை. உங்களுக்கு 1, மனைவிக்கு 5 என்று வைத்துக்கொள்வோம். டூயட்டில் தொல்லை இங்கேதான் தொடங்குகிறது. ஆணுக்கும் பெண்ணுக்கும் இடைவெளி சரியாக ஒரு ஸ்தாயி, அதாவது ஒரு 'ச'வில் இருந்து அடுத்த 'ச' வரை, என்று இருந்தால் ஒரே கட்டையில் அவர் கீழும் அவ மேலுமாகப் பாடிவிட்டுப் போகலாம். ஆனால் இங்கே இடைவெளி ஒரு பஞ்சமம்தான், 'ச'வில் இருந்து 'ப' வரை. ஆகவே 1 கட்டையில் பாடினால் நீங்கள் சுகமாக இருப்பீர்கள், மேல் ஸ்தாயியில் பாடுகிற மனைவி பாட்டு ஏறும் இடத்தில் கீச்சிடுவா. 5 கட்டையில் பாடினால் அவ சுகமாக இருப்பா, நீங்கள் கத்துவீர்கள். கிட்டப்பா 5 கட்டைக்கு அநாயாசமாகப் பாடியவர் என்பார்கள். அது ஆயிரத்தில் ஒரு தொண்டை. அதை வைத்து நாம் கணக்குப் போட முடியாது.

எங்கள் முதல் நிகழ்ச்சியில் நாங்கள் செய்த பிழை இதுதான். கசெற்றில் என்ன கட்டையோ அதே கட்டையில் எல்லாப் பாட்டையும் எடுத்தோம். மூன்றாவது பாட்டின் சரணத்தில் கணவரின் குரல் உடைந்தது. முன்வரிசையில் இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் அந்த இரவு முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. இசைத்தட்டில் இருக்கிற கட்டை அந்தப் பாடகர்களின் தொண்டைக்கு அளந்து தைத்தது. உங்களுக்கு நீங்கள்தான் அளவெடுக்க வேண்டும்.

மூன்று வழி உண்டு. பாட்டு மத்திய ஸட்ஜத்துக்கும் (நடு ஸ்தாயியின் 'ச') தார ஸட்ஜத்துக்கும் இடையிலேயே நடமாடுகிறதென்றால் 1 அல்லது 1½ கட்டையில் எடுத்து, மனைவி ஒரு ஸ்தாயி மேலே பாடலாம். மேலே காந்தாரம் ('க') வரை ஏறி, கீழே அதிகம் இறங்காத பாட்டென்றால் 2½ அல்லது 3 கட்டையில் இரண்டு பேரும் ஒரே ஸ்தாயியில் பாடலாம். உங்களுக்குக் கொஞ்சம் உயரம், அவவுக்குக் கொஞ்சம் பள்ளம். மூன்றாவது வழி எனக்கு மிகவும் பிடித்தது. உங்கள் சரணத்தை உங்கள் 1 கட்டையில் பாடி, முடிவில் பஞ்சமத்தில் வந்து நில்லுங்கள். இடையிசையில் கீபோர்ட் அந்தப் பஞ்சமத்தைப் பிடித்துக்கொண்டே 5 கட்டைக்கு மாறட்டும். உங்கள் மத்திய பஞ்சமமும் அவவின் மத்திய ஸட்ஜமும் ஒரே ஒலி. நீங்கள் விட்ட இடத்திலேயே அவ கால் வைக்கிறா. சனத்துக்குச் சுருதி மாறியது தெரியாது, ஏதோ விளக்கை ஏற்றியது போல இருக்கும். கீபோர்ட்டில் ட்ரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்தினால் வேலை முடிந்தது. என் கணவர் ஆர்மோனியத்தில் கையாலேயே இதைச் செய்வார். அவர் பஞ்சமத்தைப் பிடித்துக்கொண்டு என் மூச்சுக்காகக் காத்திருக்கிற அந்த இரண்டு வினாடி எனக்குப் பாட்டிலேயே ருசியான இடம்.

எப்போதும் சந்தேகம் வந்தால் கட்டையை இறக்குங்கள் என்று என் பிள்ளைகளுக்குச் சொல்வேன். பெண் குரலின் அடிச் சுரம் மெலிந்தால் மைக்கை வாய்க்குக் கிட்டக் கொண்டுவந்து ஈடுகட்டலாம். கிட்ட வரும்போது மைக் கனத்த ஒலியைக் கூட்டித் தரும். ஆணின் தொண்டை மேலே இறுகினால் எந்த மைக்கும் கைகொடுக்காது. ஆனால் இதை எல்லா ஆசிரியர்களும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பெண் குரலின் ஒளி போய்விடும் என்பார்கள், அதிலும் உண்மை இருக்கிறது. உங்கள் மனைவியின் குரலைக் கேட்காமல் நான் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

காணொளியில் அவர்கள் ஒரே நேரத்தில் வேறு வேறு சுரம் பாடி இணைவதைக் கேட்டிருப்பீர்கள். அதை அப்படியே எங்கள் பாட்டில் ஒட்டாதீர்கள். மோகன ராகத்தில் அமைந்த பாட்டு என்று வையுங்கள், ச ரி க ப த மட்டும்தான். ரிஷபத்துக்கு ('ரி') மேலே அவர்கள் முறையில் மூன்றாவது சுரம் சேர்த்தால் மத்திமம் ('ம') வந்து நிற்கும். மோகனத்தில் மத்திமம் கிடையாது. ராகத்தின் முகமே மாறிவிடும். அதற்குப் பதில் ஒருவர் பாட, மற்றவர் ஸட்ஜத்தையோ பஞ்சமத்தையோ மெல்ல முனகிப் பிடித்துக்கொண்டிருங்கள். தம்புரா செய்கிற வேலை அது. மனிதக் குரலில் வரும்போது அதன் சூடு வேறு.

இனிச் சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியம். டூயட்டில் அரைவாசி நேரம் நீங்கள் பாடமாட்டீர்கள், அவ பாடுவா. அந்த நேரத்தில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் முழு நிகழ்ச்சியும் இருக்கிறது. பல சோடிகளைப் பார்த்திருக்கிறேன். தன் வரி முடிந்ததும் கொப்பியைப் புரட்டுவார்கள், தண்ணீர் குடிப்பார்கள், சவுண்ட்காரருக்குக் கை காட்டுவார்கள். அப்போது மேடையில் இருப்பது இரண்டு தனிப்பாட்டுக்காரர்கள். வரிகளை மனப்பாடம் செய்து கொப்பியை வீட்டில் விடுங்கள். அவ பாடும்போது அவவை, அவவின் வாயை, மூச்செடுக்கிற தோளைப் பாருங்கள், கேளுங்கள். கையைப் பிடிக்கத் தேவையில்லை, தோளில் கை போடத் தேவையில்லை. படத்தில் ஆடுகிற மாதிரி மரத்தைச் சுற்றத் தேவையே இல்லை. ஊர் என்ன சொல்லும் என்கிற உங்கள் பயத்துக்கும் இதுதான் பதில். சனம் முகம் சுளிப்பது நடிப்புக் காதலைக் கண்டால். ஒருவர் பாட மற்றவர் கேட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்து முகம் சுளித்தவர்களை இத்தனை வருடத்தில் நான் காணவில்லை.

ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு பாடசாலை மண்டபம். நிகழ்ச்சி முடிந்து வயர் சுற்றிக்கொண்டிருந்தோம். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா, பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்தபடி வந்து நின்றா. "பிள்ளை, உன்ர மனுசன் பாடேக்க நீ பார்த்துக்கொண்டு நிண்டாய் எல்லோ, அதுதான் எனக்குப் பாட்டு. அவர் கதைக்கேக்க நானும் அப்பிடித்தான் நிப்பன்" என்றா. 'அவர்' எங்கே என்று நான் கேட்கவில்லை. 2009இல் போர் முடிந்த பிறகு வன்னியில் அந்தக் கேள்வியைச் சட்டென்று யாரும் கேட்பதில்லை. அவவின் பையில் இருந்து ஒரு கச்சான் பொட்டலம் எடுத்து என் கையில் வைத்துவிட்டுப் போனா.

இதை நீங்கள் மறக்கக்கூடாது. உங்கள் முன்னால் இருக்கிறவர்களில் சோடியை இழந்தவர்கள் நிச்சயம் இருப்பார்கள். அதற்காகக் காதல் பாட்டுப் பாடாமல் விடத் தேவையில்லை. அவர்கள்தான் அந்தப் பாட்டுகளை எங்களைவிட ஆழமாகக் கேட்கிறவர்கள். 1990களில் போர்க்காலத் தடையால் பற்றரி உள்ளே வர அனுமதி இல்லாத காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்துக் கையால் மிதிகட்டையைச் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் பாட்டுக் கேட்ட ஊர் இது. சுற்றுகிறவருக்குக் கை ஓய்ந்தால் கசெற் மெதுவாகிச் சுருதி இறங்கும், காதலியின் குரல் கிழவியின் குரலாகும். உடனே வேறொரு கை மாறும். நான் சுருதி என்றால் என்ன என்று முதலில் படித்தது அங்கேதான். அவ்வளவு பாடுபட்டுக் கேட்ட சனத்துக்கு உங்கள் சோடிப் பெருமையைக் காட்டாதீர்கள். "நாங்கள் எவ்வளவு சந்தோசமாக இருக்கிறோம்" என்ற பேச்சு மேடையில் ஒரு வரிகூட வேண்டாம்.

பேச்சு வேண்டும், குறைவாக. உங்கள் வீட்டுப் பேச்சிலேயே இருக்கட்டும். பாட்டில் 'அன்பே' 'கண்ணே' என்று உருகிவிட்டு, அடுத்த நிமிடம் "இஞ்சாருங்கோ, அடுத்தது எது?" என்று மனைவி கேட்டால் மண்டபமே உங்களோடு வந்துவிடும், அதுதான் நம் சனத்தின் காதல் மொழி. பாட்டுக் கணக்கு என்றால், ஒன்று நாலு நாலரை நிமிடம் என்று வைத்து, 12 முதல் 14 பாட்டு. பேச்சோடு எழுபத்தைந்து நிமிடம். அதில் இரண்டை நீங்கள் தனியாகவும் இரண்டை அவ தனியாகவும் பாடுங்கள். ஒரு தொண்டைக்கு ஓய்வு, கேட்கிறவருக்கும் ஒரு மாற்றம். தொடக்கத்திலேயே உயரமான பாட்டு வேண்டாம், நான்காவது ஐந்தாவதில் குரல் பழுத்து வரும். உறவின் வயதுப்படி அடுக்கிப் பாருங்கள்: பார்வை, ஊடல், பிரிவு, சேர்ந்து நரைப்பது. பிரிவுப் பாட்டுகளை அடுத்தடுத்து வைக்காதீர்கள்.

மண்டபம் சின்னதாக இருந்தால் நல்லது. 80 கதிரைக்கு மேல் போனால் நீங்கள் பார்த்த அந்த நெருக்கம் கிடைக்காது. தகரக் கூரை என்றால் சத்தம் திரும்பி வந்து சொல் குழம்பும். சுவரோரம் சேலைகளைத் தொங்கவிட்டால் கொஞ்சம் அடங்கும். ஒலிபெருக்கிப் பெட்டிகளை உங்களுக்கு முன்னால், சனத்தைப் பார்த்து வையுங்கள். பின்னால் வைத்தால் மைக் கூவும். மின்விசிறிக் காற்று நேரே மைக்கில் படக்கூடாது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் தகரத்தில் மழை விழுந்தால் யாரும் எதையும் கேட்க முடியாது. காலபோக அறுவடை முடிந்து தூசி அடங்கிய பங்குனிதான் நல்லது, கையில் காசும் இருக்கும். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி எடுங்கள், இரவு பத்து மணிக்கு முன் முடித்துவிடுங்கள். சீட்டு விற்பதென்றால் களியாட்ட வரி பற்றிப் பிரதேச சபையில் முதலே கேளுங்கள். சினிமாப் பாட்டுகளின் உரிமை புலமைச் சொத்துச் சட்டத்துக்குள் வருகிறது. அது என் துறை அல்ல, தெரிந்த சட்டத்தரணி ஒருவரிடம் கேட்பதே சரி. முதல் தடவை சீட்டே வேண்டாம் என்பேன். உங்கள் முற்றத்தில் இருபது கதிரை போட்டு, அயலவர்களை வைத்துப் பாடிப் பாருங்கள். முற்றத்தில் ஒத்து வராதது மேடையில் ஒத்து வராது.

இன்னொன்று, இதைச் சோடியாகப் பாடுகிறவர்கள் மட்டும்தான் அறிவார்கள். ஒத்திகை சண்டையில் முடியும். மாணவியின் பிழையைத் திருத்துகிற வாய்க்கும் மனைவியின் பிழையைத் திருத்துகிற வாய்க்கும் வித்தியாசம் தெரிய எனக்கும் அவருக்கும் ஏழெட்டு வருடம் ஆனது. எங்கள் ஒப்பந்தம் இதுதான்: மேடையிலும் வீடு திரும்பும் வழியிலும் திருத்தம் இல்லை, மறுநாள் காலை தேநீரோடு மட்டும். தாளம் விட்டவர் முதலில் தன் பிழையைச் சொல்ல வேண்டும், மற்றவர் பிறகு. மேடையில் ஒருவர் வரியை மறந்தால் மற்றவர் அந்த வரியைப் பாடிவிட்டுப் போகட்டும், முகத்தில் காட்டக்கூடாது.

கடைசியாக அந்த அழுகைப் பாட்டு. அது அவவின் தம்பி பாடுகிற பாட்டு என்று எழுதியிருந்தீர்கள். பழகினால் அழுகை போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். சிலருக்குப் போகும், சிலருக்குப் போகாது. அழும்போது தொண்டை இறுகும், மூச்சு உடையும், சுருதி நிற்காது. அதில் யாருக்கும் விலக்கில்லை. ஆகவே அந்தப் பாட்டை அவவைப் பாட வைக்காதீர்கள், நிகழ்ச்சியில் இருந்து எடுக்கவும் வேண்டாம். நீங்கள் தனியாகப் பாடுங்கள், உங்கள் கட்டையில். அவ பக்கத்தில் ஒரு கதிரையில் இருந்து ஸட்ஜத்தை மட்டும் முனகட்டும். முடியாத இடத்தில் நிறுத்தட்டும், கீபோர்ட் அந்தச் சுரத்தைப் பிடித்துக்கொள்ளும். முன்கதை எதுவும் சொல்லாதீர்கள், தம்பியின் பெயரையும் சொல்லாதீர்கள். ஆறாவது பாட்டாக வையுங்கள், கடைசியாக வைக்காதீர்கள். இருட்டுக்குள் சைக்கிளில் வீட்டுக்குப் போகிறவர்கள் அதோடு போகக்கூடாது. ஏழாவது பாட்டை அவ தொடங்கட்டும், 5 கட்டையில், வேகமான தாளத்தில். அவ எழும்பி மைக்குக்கு வரும்வரை நீங்கள் பஞ்சமத்தைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள்.